ஆறு மூலைக் கல்

என் கலியாணம் ஒரு மீன் தலையில் முட்டி நின்றுபோனது.

பாரைமீன் தலை. கடற்கரைக் கிராமமான சல்லியில் மாமா வீட்டில் கலியாணத்துக்கு நாள் வைக்கப் போயிருந்தோம். மாமி குழம்புச் சட்டியிலிருந்து அதைத் தூக்கி என் சோற்றுக் கோப்பையில் வைத்தார். வீட்டில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரு கணம் கதையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். அந்த வீட்டில் தலை யாருக்கு வைக்கப்படுகிறதோ அவன்தான் மருமகன். அதற்குமேல் வாக்கு, சத்தியம் எதுவும் தேவையில்லை.

நான் தலையைப் பார்த்தேன். தலையும் என்னைப் பார்த்தது.

நான் கெதியாகப் பதில் சொல்லும் ஆள் அல்ல. திருகோணமலைத் துறைமுகக் களஞ்சியத்தில் கிளாக்கராக இருந்தேன். பொழுதில் பாதி புத்தகம் வாசிப்பதிலும் மீதி வாசித்ததை யோசிப்பதிலும் போய்விடும். யாராவது ஒன்று கேட்டால் அது உள்ளே இறங்கி, பதில் ஏறி வர நேரம் எடுக்கும். களஞ்சியத்தில் அதைப் பொறுப்பு என்றார்கள். சல்லியில் அதற்கு வேறு பெயர்.

"ஏன் தம்பி, மீன் பழுதோ?" என்றார் மாமா.

மாமா பாலசிங்கம் என் அம்மாவின் அண்ணன். கரைவலையும் வள்ளங்களும் கருவாடு போடுகிற வாடிக் கொட்டிலும் அவருடையவை. அவருடைய மீனைப் பழுது என்று சொன்னவன் யாரும் அந்தக் கரையில் இன்னும் பிறக்கவில்லை. நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். என் யோசனை நீள நீள மாமாவின் முகம் கறுத்துக்கொண்டு வந்தது.

"எனக்கு மீன் கூடாது மாமா" என்றேன் கடைசியில். "டொக்டர் சொன்னவர். சலத்தில கல்லு, மூத்திரம் போற வழியில."

"என்ர மீனைத் திண்டா கல்லு வருமோ?"

"உங்கட மீன் எண்டில்லை மாமா. எல்லா மீனும். முட்டையும்."

"இந்தக் கரையில ஆயிரம் சனம் மீன் தின்னுது. ஒருத்தனுக்கும் வராத கல்லு உனக்கு மட்டும் என்னெண்டு வந்தது?" மாமா கேட்டது என்னை. பார்த்தது அப்பாவை. "எங்கட ஆக்கள் கடல் ஆக்கள். எங்கட சலம் கடல் மாதிரிச் சுத்தம். இது சைக்கிள் கடைக்காரற்ற பக்கத்தால வந்த சாமான்."

என் அப்பா இரத்தினசிங்கம் லிங்கநகரில் சைக்கிள் கடை வைத்திருந்தார். அவருடைய தங்கைதான் மாமி. மாமாவின் தங்கைதான் என் அம்மா. இரண்டு தாலியும் ஒரே பந்தலில், ஒரே ஐயர், ஒரே மேளத்தோடு ஏறின மாற்றுக் கலியாணம். அன்றுமுதல் அப்பாவும் மாமாவும் ஒருவரையொருவர் வெல்லப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊரில் அவர்களை 'ரெண்டு சிங்கம்' என்பார்கள்.

அப்பா குழம்பு பிசைந்த கையை அப்படியே நிறுத்தினார்.

"மச்சான், என்ர பரம்பரையில ஒருத்தருக்கும் கல்லு இல்லை. உங்கட தங்கச்சி என்ர வீட்டுக்கு வரேக்க, சீதனத்தில எழுதாமல் கொண்டுவந்த ஒரே சாமான் இதுதான் போல."

"என்ர தங்கச்சியையோ சொல்லுறாய்?"

"நீங்கள் என்ர மகனைச் சொல்லலாமோ?"

கதவோரத்தில் தண்ணீர்ச் செம்போடு நின்ற கோணேஸ்வரி, "கதைக்கிறதைக் கதையுங்கோ, தலை ஆறுது" என்றாள்.

அவள்தான் நான் கட்ட இருந்த மச்சாள். சல்லிப் பள்ளிக்கூடத்தில் பாலர் வகுப்புக்குப் படிப்பித்தாள். ஐம்பது குழந்தைகளின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். அன்று அதுவும் எடுபடவில்லை. மாமா எழுந்து கை கழுவினார்.

"கல்லுப் பரம்பரைக்கு நான் பொம்பிளை குடுக்கேலாது" என்றார். அதோடு முடிந்தது.

திரும்பி வரும்போது பேருந்தில் அப்பா முழுவழியும் பேசிக்கொண்டு வந்தார். நான் யன்னலால் கடலைப் பார்த்தபடி இருந்தேன். கோணேஸ்வரியைத் தவிர வேறு ஒருத்தியோடு ஒரு வீட்டில் இருப்பதை நான் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. நான் யோசித்து முடிக்கும்வரை காத்திருக்க அவளுக்குத் தெரியும். காத்திருக்கும்போதே ஏசவும் தெரியும்.

*

கல் வந்தது அதற்கு இரண்டு மாதம் முன்னால்.

களஞ்சியத்தில் கயிற்றுச் சுருள்களுக்கு நடுவே நின்றபோது இடுப்பில் ஒரு வலி புறப்பட்டது. நான் வலியைப் பற்றி எத்தனையோ வாசித்திருக்கிறேன். அவற்றில் ஒன்றும் உதவவில்லை. சுமை தூக்குகிறவர்கள் இரண்டுபேர் என்னை ஒரு கை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வழியில் கண்டவர்களிடம் "சாமான் இல்லை, ஐயாதான்" என்று சொல்லிக்கொண்டே போனார்கள்.

மறுநாள் கல் வெளியே வந்தது. மஞ்சள் நிறம், தேன்மெழுகு போன்ற மினுக்கம், பச்சைப்பயறு அளவு. இவ்வளவுக்கும் இதுவா என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

டொக்டர் ஞானசேகரம் அந்த ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்தவர். என்னைவிட ஒன்றிரண்டு வயது இளமை. என் சலத்தில் ஒரு துளியை எடுத்துக் கண்ணாடித் துண்டில் விட்டு, நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தார். பிறகு கத்தினார்.

"ஆறு மூலை! ஹிஸ்புல்லா, ஓடி வாரும், ஆறு மூலை!"

சோதனைக்கூடத்துக்குப் பொறுப்பாக இருந்த ஹிஸ்புல்லா கிண்ணியாக்காரர். ஓடாமல் நடந்து வந்து பார்த்தார்.

"ஓம் சேர். படிகமெல்லாம் தேன் கூட்டுக் கண் மாதிரி இரிக்கி." பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "சேர் இண்டைக்குச் சோறு தின்னமாட்டாரு. புத்தகத்தில மட்டும் கண்ட சாமான் இது."

டொக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பரீட்சையில் பாஸ் பண்ணியவனுக்குக் குலுக்குவது போல.

"மிஸ்டர் கதிரவேல், இது எல்லாருக்கும் வாற கல்லில்லை. இது சிஸ்டின்."

நான் யோசித்தேன். அவர் காத்திருக்கவில்லை.

"மீனிலயும் முட்டையிலயும் மெதியோனின் எண்டு ஒரு சாமான் கிடக்கு. அதுக்குள்ள கந்தகம்."

"தீப்பெட்டியில இருக்கிற கந்தகமோ?"

"அதேதான். மயிர் கருகினா ஒரு மணம் வருமெல்லே? கூழ்முட்டை மணக்குமெல்லே? எல்லாம் அந்தக் கந்தகம். உங்கட உடம்பு மெதியோனினைக் கழட்டி, அதிலயிருந்து கந்தகத்தை எடுத்து, சிஸ்டீன் எண்டு வேற ஒண்டைச் செய்யும். மயிர், நகம், தோல் எல்லாத்துக்கும் அது வேணும். மிஞ்சின கந்தகத்தை எரிச்சு உப்பாக்கி வெளியில விட்டிடும். இந்த வேலையெல்லாம் உங்கட உடம்பு திறமாச் செய்யுது."

"அப்ப பிழை எங்க?"

"கேற்றில." அவர் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். "நீங்கள் துறைமுகத்திலதானே வேலை? சிஸ்டீன் ரெண்டு கைகோத்தா அது சிஸ்டின். கிட்னி சலத்தை வடிக்கேக்க சிஸ்டினும் வெளியில வரும். நல்ல கிட்னி அதைத் திரும்ப உள்ளுக்கு எடுக்கும். உங்கட கிட்னியில அந்தக் கேற் பூட்டிக் கிடக்கு. அதே கேற்றால திரும்ப வேண்டிய இன்னும் மூண்டு சாமானும் வெளியிலதான் நிக்குது. ஆனா அதுகள் தண்ணியில கரைஞ்சு சத்தமில்லாமல் போயிடும். சிஸ்டின் மட்டும் கரையாது. கல்லாகிக் குந்தியிருக்கும்."

இது எனக்கு உடனே விளங்கியது. எங்கள் களஞ்சியத்திலும் அப்படித்தான். நல்ல சாமான், சரியான வேலை, வாசலில் பூட்டு.

"மீனை விட்டா நிக்குமோ?"

"குறையும், நிக்காது. நீங்கள் ஒண்டுமே தின்னாட்டியும் உடம்பு தன்ர தசையைத் தானே கழட்டி அதைச் செய்யும். தண்ணி குடியுங்கோ. குடம் குடமாய்க் குடியுங்கோ. அப்பச்சோடாவும் கொஞ்சம் கலந்து குடியுங்கோ, கல்லுக் கரையும்."

"ஏன் டொக்டர், எனக்கு மட்டும்?"

"தாய்க்கும் தகப்பனுக்கும் ஆளுக்குப் பாதிக் குறை இருந்திருக்க வேணும். பாதிக் குறைக்காரருக்கு ஒரு வருத்தமும் நோயும் தெரியாது. ரெண்டு பாதியும் ஒரு பிள்ளையில சேர்ந்தா கல்லு. உங்கட ஆக்கள் சொந்தத்துக்குள்ளயோ கட்டினவை?"

மாற்றுக் கலியாணத்தைச் சொன்னேன். அதற்கு முந்திய தலைமுறையிலும் அப்படியே என்று சொன்னேன். அதற்கும் முந்தியதிலும் என்று சொன்னபோது அவருடைய முகம் பெட்ரோமாக்ஸ் போல ஆகிவிட்டது.

அதன்பிறகு நான் தனியாக இருக்கும்போதெல்லாம் என் உடம்பைப் பற்றி யோசித்தேன். எனக்குத் தெரியாமல் எனக்குள்ளே ஒரு தொழிற்சாலை நடக்கிறது. நான் வாசிக்கும்போதும் நடக்கிறது, தூங்கும்போதும் நடக்கிறது. அதில் நான் முதலாளியுமில்லை, கிளாக்கருமில்லை. சாமான் வைக்கிற கட்டடம் மட்டும்தான். என் தலைமயிரைத் தடவிப் பார்ப்பேன். இதற்குள்ளும் கந்தகம். நான் ஒரு பெரிய தீக்குச்சி. பற்றாத தீக்குச்சி என்று கோணேஸ்வரி சொல்லக்கூடும்.

*

கலியாணம் நின்ற செய்தியை டொக்டரிடம் சொன்னேன். அவர் என் துக்கத்தை அரை நிமிடம் மதித்தார்.

"எல்லாரையும் கூட்டிவாங்கோ" என்றார். "உங்கட அப்பா, அம்மா, மாமா, மாமி, பொம்பிளை. எல்லாருக்கும் சோதிப்பம். மருந்து விட்டா நிறம் மாறும். சில குடும்பத்தில பாதிக் குறைக்காரருக்கும் இலேசா மாறும். எந்தப் பக்கத்தால வந்ததெண்டு தெரிஞ்சுபோகும். பொம்பிளைக்கு இல்லையெண்டா உங்கட பிள்ளையளுக்குக் கல்லு வராது. அதுதான் முக்கியம்."

அதுதான் முக்கியம் என்பதை இரண்டு சிங்கங்களிடமும் சொன்னேன். எந்தப் பக்கத்தால் வந்தது என்பது மட்டும் அவர்களுடைய காதில் ஏறியது.

"வாறன்" என்றார் மாமா. "என்ர சலத்தில நிறம் மாறினா நானே கலியாணத்தை நடத்திவைக்கிறன். மாறாட்டி உன்ர அப்பன் என்ர வாடிக்கு வந்து, கல்லு தன்ர எண்டு எல்லார் முன்னாலயும் சொல்ல வேணும்."

மாமிதான் பயந்தார். ஒருவருடைய மயிரோ நகமோ பிறத்தியாரின் கையில் அகப்பட்டாலே செய்வினை வைத்துவிடுவார்கள் என்று நினைக்கிறவர் அவர். இப்போது சலத்தையே போத்தலில் அடைத்துக் கொடுக்கச் சொன்னால்? அதற்குள் ஹிஸ்புல்லா ஏதோ நஞ்சை விடப்போகிறார் என்று வேறு யாரோ சொல்லியிருந்தார்கள். அது உண்மைதான். அந்த மருந்துப் போத்தல் பூட்டிய அலுமாரிக்குள் இருந்தது.

"உங்களுக்கு விடேல்லை அம்மா, போத்தலுக்குத்தான் விடுறது" என்று கோணேஸ்வரி தாயைச் சமாதானப்படுத்தினாள். முதலில் சம்மதித்தவள் அவள்தான்.

டொக்டர் குறித்த நாள் கந்தசட்டியின் ஆறாம் நாளாக அமைந்தது. அதற்கு ஒரு கிழமை முன்னால் மாமா வீட்டில் ஓர் அதிசயம் நடந்தது. பிறந்ததிலிருந்து மீனில்லாமல் ஒரு நேரம் சோறு தின்னாத மாமா, கந்தசட்டி விரதம் பிடிக்கப்போவதாகச் சொன்னார். அதுவும் பாலும் பழமும் எடுக்கிற விரதமில்லை. மிளகும் தண்ணீரும் மட்டும்.

பள்ளிக்கூட வாசலில் கண்டபோது கோணேஸ்வரி சொன்னாள்:

"விரதக்காரன்ர சலத்தில ஒரு அழுக்கும் இராதாம் அத்தான். முருகன் சாட்சியாச் சுத்தமாக் குடுக்கப் போறாராம். மிளகை எண்ணி எண்ணி விழுங்குறார். சூரனில இருக்கிற கோபத்தைவிட உங்கட அப்பாவில இருக்கிற கோபம் கூட."

"தாங்குவாரோ?"

"அவர் தாங்குவார். வீட்டில நாங்கள்தான் தாங்கேலாது. நேற்று கறி மணத்தது எண்டு பக்கத்து வீட்டோட சண்டை."

*

ஆறாம் நாள் காலை எல்லோரும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது.

மேசையில் போத்தல்கள் வரிசையாக நின்றன. அம்மாவுடையது இருமல் மருந்துப் போத்தல், வெள்ளைத் துணியால் சுற்றி வைத்திருந்தார். அப்பாவுடையது சைக்கிளுக்கு எண்ணெய் விடுகிற போத்தல், கழுவியும் ஓர் எண்ணெய் வளையம் மிதந்தது. மாமி ஒரு சின்னப் போத்தலைச் சேலைத் தலைப்புக்குள்ளிருந்து எடுக்கவே அரை மணித்தியாலம் ஆனது. கோணேஸ்வரி மைப்போத்தலில் கொண்டுவந்தாள். மாமாவுடையது ஒரு முழுச் சாராயப் போத்தல். மஞ்சள் தண்ணீரில் கழுவி, மூன்று குறி திருநீறு பூசி, நடுவில் சந்தனப் பொட்டும் வைத்திருந்தார். போத்தல் விளிம்புவரை நிரம்பியிருந்தது.

"இவ்வளவு தேவையில்லை ஐயா" என்றார் ஹிஸ்புல்லா.

"ஒளிக்கிறதுக்கு என்னட்ட ஒண்டுமில்லை தம்பி" என்றார் மாமா. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ஆனால் குரல் கோயில் மணி போல இருந்தது. கிட்டப் போனபோது அவருடைய வாயிலிருந்து பழுத்துப்போன பழத்தின் மணம் ஒன்று வந்தது. விரதத்தின் மணம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஹிஸ்புல்லா சின்னக் கண்ணாடிக் குழாய்களில் ஒவ்வொருவருடையதிலும் கொஞ்சம் எடுத்தார். அலுமாரியைத் திறந்து முதல் மருந்தை விட்டார். கைகோத்திருக்கிற சிஸ்டினைப் பிரிப்பது அது என்று டொக்டர் சொன்னார். கொஞ்சம் பொறுத்து, இரண்டாவது மருந்தை வரிசையாக விட்டுக்கொண்டு போனார்.

முதலில் என்னுடையது. பீற்றூட் அவித்த தண்ணீர் போலச் சிவந்தது. எதிர்பார்த்ததுதான்.

அப்பாவுடையது இலேசான ரோசா நிறம்.

"பார்த்தியளோ!" என்று மாமா கதிரையிலிருந்து எழுந்தார். "நான் சொன்னனான். சைக்கிள் கடை!"

அம்மாவுடையதும் இலேசான ரோசா நிறம்.

"உங்கட தங்கச்சி!" என்று அப்பாவும் எழுந்தார்.

மாமா ஒரு கணம்தான் தடுமாறினார். "கலியாணம் கட்டிப் போறவரைக்கும் அவளுக்கு ஒண்டுமில்லை. இருபத்தெட்டு வருஷம் உன்ர வீட்டுச் சோறு திண்டவள். வேற என்ன நிறம் வரும்?"

"ஐயா, இது தொத்துற வருத்தமில்லை" என்றார் டொக்டர்.

"உங்களுக்கு இவன்ர வீட்டுச் சோறு தெரியாது டொக்டர்."

மாமியுடையதில் நிறமில்லை. கோணேஸ்வரியுடையதிலும் நிறமில்லை. டொக்டர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். எங்கள் பிள்ளைகளுக்குக் கல் வராது. கோணேஸ்வரி என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துச் சிரித்தாள்.

கடைசியாக மாமாவுடையது. ஹிஸ்புல்லா இரண்டாவது மருந்தை விட்டார்.

குழாய் சிவந்தது. அப்பாவுடையதைப் போல இலேசாக அல்ல. என்னுடையதையும் தாண்டி, செவ்வரத்தம்பூவைக் கசக்கிவிட்டது போல இருண்டு சிவந்தது. திருநீறு பூசிய போத்தல் பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்பா குழாயை இரண்டு முறை எட்டிப் பார்த்தார். வெற்றி இவ்வளவு பெரிதாக வரும் என்று அவர் ஆயத்தப்படவில்லை.

"மச்சான்" என்றார் கடைசியில், மிக மெதுவாக. "கடல் மாதிரிச் சுத்தம் எண்டு சொன்னியள். செங்கடலைச் சொல்லேல்லைத்தானே?"

மாமா திரும்பக் கதிரையில் குந்தினார். சுவரைப் பார்த்தார்.

"கலியாணத்துக்கு நாள் வையுங்கோ" என்று சுவரிடம் சொன்னார்.

*

நாள் வைத்தார்கள். தையில் முதல் முகூர்த்தம்.

நான்கைந்து நாள் கழித்து டொக்டர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். போனபோது அவர் சந்தோசமாகவும் சங்கடமாகவும் இருந்தார்.

"உங்கட மாமான்ர நிறம் எனக்குச் சரியாப்படேல்லை. அவ்வளவு சிவப்பெண்டா அவருக்கு எப்பவோ கல்லு வந்திருக்க வேணும். ஹிஸ்புல்லா மிச்சத்தைக் குளிரில வைச்சிருந்தவர். அண்டு பின்னேரமே திரும்பச் சோதிச்சனான். முதல் மருந்தை விடாமலே சிவக்குது."

"அப்பிடியெண்டா?"

"முதல் மருந்தில்லாமல் சிஸ்டின் சிவக்காது. இது வேற சாமான். ஆறு நாள் பட்டினி கிடந்தா உடம்பு கொழுப்பை எரிக்கும். எரிச்ச மிச்சம் சலத்தில வரும். அதுவும் அந்த ரெண்டாவது மருந்துக்குச் சிவக்கும்."

"விரதம்" என்றேன்.

"விரதம்தான். அந்தச் சிவப்புக்குக் கீழ அவருக்குப் பாதிக் குறை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வயிறாறச் சோறு திண்டுபோட்டு வரச்சொல்லுங்கோ, திரும்பப் பார்ப்பம்."

பக்கத்தில் நின்ற ஹிஸ்புல்லா தலையை ஆட்டினார். "எத்தினை நோன்பு காலம் கண்டன். ஒருத்தரும் நோன்பு பிடிச்சு இப்பிடி மாட்டிக்கொண்டதில்ல."

நான் கடற்கரைக்குப் போய் இருந்தேன். யோசிக்க நிறைய இருந்தது. மாமா தோற்றதால்தான் கலியாணம். தோற்கவில்லை என்று தெரிந்தால், சோறு தின்று சுத்தமான போத்தலோடு திரும்பி வந்தால், மறுபடியும் நான் கல்லுப் பரம்பரை. நான் ஒன்றும் செய்யத் தேவையில்லை. வாய் பேசாமல் இருந்தால் போதும். என்னைப்போல வாய் பேசாமல் இருக்கத் தெரிந்தவன் இந்தத் திருகோணமலையில் யாருமில்லை. ஆனால் மாமா கரையில் தலை குனிந்து நடப்பதை நான் கண்டிருந்தேன். மிளகு மட்டும் விழுங்கி முருகனை நம்பிய மனிதர். அவரைத் தோற்கடித்தது அவருடைய நம்பிக்கைதான். அதை அவருக்குத் தெரியாமல் வைத்துக்கொண்டு அவருடைய மகளோடு நான் எப்படி ஒரு வீட்டில் இருப்பேன்?

பள்ளிக்கூடம் விடும்வரை வாசலில் நின்று கோணேஸ்வரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கையிலிருந்த வெண்கட்டித் தூளைத் தட்டினாள்.

"என்ர அப்பாவுக்குச் சொல்லப் போறியளோ?"

நான் யோசித்தேன்.

"ஓம்."

"திரும்பவும் பொம்பிளை தரமாட்டன் எண்டு சொன்னா?"

இதற்கு நான் யோசிக்கவேயில்லை. "நீர் சம்மதமெண்டா முகூர்த்தம் வரைக்கும் உங்கட வாசலில வந்து நிப்பன்."

"மழைக்க?"

"மழைக்கயும்."

"இவ்வளவு கெதியா நீங்கள் ஒரு பதில் சொல்லி நான் கண்டதில்லை" என்றாள். "அப்ப போய்ச் சொல்லுங்கோ. இப்பவே போங்கோ. வீட்டை போய் யோசிச்சுப்போட்டு வாறன் எண்டால் தை பிறந்திடும்."

*

மாமா வாடியில் இருந்தார். நான் எதிர்பார்த்த மாமா அல்ல அது. தலை நிமிர்ந்திருந்தது. கவிழ்த்துப்போட்ட வள்ளத்தின் முன் அணியத்தில் ஒருவன் பச்சைப் பெயின்ற்றால் எதையோ கீறிக்கொண்டிருக்க, மாமா அவனைத் திருத்திக்கொண்டிருந்தார்.

"அந்த மூலை கூர் காணாது. வடிவாய்க் கீறு."

அது ஆறு மூலை வைத்த உருவம்.

"மாமா, ஒரு விசயம் சொல்லவேணும்."

"இரு தம்பி. முதல் இதைப் பார். உன்ர கல்லு எத்தினை மூலை?"

"ஆறு."

"முருகனுக்கு எத்தினை முகம்?"

"ஆறு."

"அவன்ர சக்கரத்தில எத்தினை மூலை? சட்டி எத்தினை நாள்?" மாமா குரலைத் தாழ்த்தினார். "நானும் முதல் வெட்கப்பட்டனான். பிறகு யோசிச்சன். ஆறு நாள் விரதமிருந்து, ஆறாம் நாள் குடுத்த சலத்தில, ஆறு மூலைக் கல்லின்ர நிறம் இவ்வளவு சிவப்பாத் தெரியுதெண்டா அது வருத்தமோ? அடையாளம். எங்கட பரம்பரையில அவன் வைச்ச அடையாளம்."

நான் வாயைத் திறந்தேன். இந்தமுறை பதில் தயாராக இருந்தது. முழுவதையும் சொன்னேன்: பட்டினி, கொழுப்பு, முதல் மருந்து, இரண்டாவது மருந்து. சோறு தின்றுவிட்டு வந்தால் திரும்பச் சோதிப்பார்கள், ஒருவேளை நிறமே வராமலும் போகலாம் என்று சொன்னேன்.

மாமா கேட்டுக்கொண்டே இருந்தார். அவருடைய முகம் மெல்ல மெல்லக் கறுத்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

"அப்ப கல்லு என்ர இல்லை எண்டு சொல்லுறியோ?"

"இல்லாமலும் இருக்கலாம் மாமா."

"அப்ப ஆற்ற? உன்ர அப்பன்ரயோ?"

"அப்பாவில ஒரு பாதி. அம்மாவில ஒரு பாதி."

"உன்ர அம்மா ஆர்? என்ர தங்கச்சி. உன்ர அப்பன்ர போத்தலில வந்த நிறம் எவ்வளவு? கழுவின தண்ணி. என்ர போத்தலில?" அவர் எழுந்து நின்றார். "கொழும்பில பெரிய டொக்டர்மாரின்ர கூட்டத்தில எங்கட குடும்பத்தைப் பற்றிக் கதைக்கப் போறாராம் உன்ர டொக்டர். ஹிஸ்புல்லா சொன்னவன். அங்க போய்ச் சைக்கிள் கடைக்காரன்ர கல்லு எண்டு சொல்லுறதோ? நான் திரும்பச் சோதிக்க வரமாட்டன். என்ர சிவப்பு என்னட்டயே இருக்கட்டும். நீ போய்க் கலியாண அலுவலைப் பார்."

நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். அதற்குமேல் ஒரு மனிதனின் அடையாளத்தைப் பறிக்க எனக்கு வலுவில்லை. பெயின்ற் அடிக்கிறவன் ஆறாவது மூலையைக் கூராக்கினான்.

வரும் வழியில் கோணேஸ்வரி வீட்டுப் படலை வாசலில் நின்றாள். "முகூர்த்தம் இருக்கோ போச்சோ?" என்றாள்.

"இருக்கு. கல்லைத்தான் தரமாட்டாராம்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

*

வள்ளத்தின் கதை இரண்டு நாளில் லிங்கநகருக்கு வந்துவிட்டது. அப்பா கடையைப் பூட்டிவிட்டு மத்தியானமே வீட்டுக்கு வந்தார்.

"கேட்டியே? கல்லு தன்ர குடும்பத்துச் சொத்தாம். முருகன் குடுத்ததாம். வள்ளத்தில கீறி வைச்சிருக்கிறார். அரைவாசி என்ரதெல்லே! டொக்டர் சொன்னவரெல்லே!"

"முந்தி வேண்டாமெண்டு நிண்டியள்" என்றார் அம்மா.

"வேண்டாமெண்டதுக்காக வேற ஆள் எடுக்கிறதோ?"

அம்மா சோறு போட்டார். மாமா வீட்டிலிருந்து சம்பந்த வரிசைபோல ஒரு பெரிய பாரை வந்திருந்தது. குழம்பு கொதித்த வாசனை வீடு முழுக்க நின்றது. அப்பா கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"எனக்கு வேண்டாம்."

"ஏன்?"

"விரதம்."

"இப்ப என்ன விரதம்? சட்டி முடிஞ்சு கிழமையாச்சு."

அப்பா கொஞ்சம் மிளகு எடுத்து வரச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பாமல், சும்மா கேட்பது போலக் கேட்டார்:

"தம்பி, அந்த டொக்டர் வேற ஆக்களுக்கும் திரும்பச் சோதிப்பாரோ?"

நான் யோசித்தேன். யோசிக்க யோசிக்க, பேசாமல் இருப்பதே நல்லது என்று பட்டது. செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தேன்.

அம்மா சட்டியிலிருந்து மீன் தலையைத் தூக்கினார். பழக்கத்தில் அப்பாவின் கோப்பைப் பக்கம் கொண்டுபோனார். அவர் மிளகை விழுங்கிக்கொண்டிருந்தார். என் கோப்பைப் பக்கம் கொண்டுவந்தார். கல்லின் நினைவு வந்து கை நின்றது. எங்கள் இருவரையும் ஒருமுறை பார்த்தார்.

பிறகு அதைத் தன் கோப்பையில் வைத்து, கண்ணிலிருந்து தொடங்கி, ஒன்றும் மிச்சமில்லாமல் சாப்பிட்டார்.